வில்லையும் பறவையும் – ஓர் அறநோக்கு

அகநானூற்றின் நான்காம் பாடலிலே குறுங்குடி மருதனார் ஒரு தலைவனின் தேரைக் காட்டுகின்றார். வினை முடித்துக் கார்காலத்தில் மீளும் அத்தலைவன் விரைந்து வரவேண்டியவன். அவன் வரவை எதிர்நோக்கி ஒருத்தி காத்திருக்கின்றாள். ஆயினும், வழியிலுள்ள பூஞ்சோலையில் துணையோடு தங்கித் தேனுண்ணும் வண்டுகள் தேரின் மணியோசை கேட்டு மருளும் என்று அஞ்சி, அவன் மணிகளின் நாவைக் கட்டிவிட்டுத் தேரைச் செலுத்துகின்றான். வண்டினத்தைப் புலவர் ‘பறவை’ என்ற சொல்லாலேயே சுட்டுகின்றார். இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. தலைவன் தன் பயணத்தைக் கைவிடவில்லை. சோலையைச் சுற்றிச் செல்லவுமில்லை. சிற்றுயிர்களின் இருப்பிடத்தினூடாகவே செல்கின்றான். ஆனால் அவ்வாறு செல்வதற்குரிய விலையை அவ்வுயிர்கள்மீது சுமத்தாது தானே ஏற்றுக்கொள்கின்றான். மணியோசை தேருக்குப் பெருமை. அப்பெருமையைச் சிறிது நேரம் துறப்பதே அவன் கொடுத்த விலை.

ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய இக்காட்சி, இன்று கொழும்பில் பறவைகளைப் படம்பிடிக்க விழையும் ஒருவன் முன் எழும் வினாவோடு நெருங்கிய தொடர்புடையது. வெள்ளவத்தையில் வாழும் மாணவன் ஒருவன் சில ஆண்டுகள் பணம் சேமித்துத் தன் கமராவுக்கு ஒரு வில்லை வாங்க எண்ணுகின்றான் என வைத்துக்கொள்ளலாம். எத்தனை மில்லிமீற்றர்? எவ்வளவு எடை? எவ்வளவு விலை? அவன் கடைக்காரரிடம் கேட்கும் வினாக்கள் இவையே. இவை யாவும் தொழில்நுட்ப வினாக்களாகவே தோன்றும். ஆனால் அவற்றின் அடியில் வேறொரு வினா கிடக்கின்றது. பறவையின் அண்மையை அவன் விரும்புகின்றான். அவ்வண்மைக்குரிய விலையைக் கொடுக்கப்போவது யார்? அவனா, பறவையா?

இவ்வினா எழுவதற்கு வில்பத்துவுக்கோ யாலவுக்கோ செல்லவேண்டியதில்லை. வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கும் கடலுக்கும் இடையே கால்வாய் வந்து விழும் இடத்தில் கொக்கும் மீன்கொத்தியும் இரை தேடுகின்றன. அங்கிருந்து தென்கிழக்கே சிறிது தூரத்தில், 1990இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட ஏறத்தாழ 372 ஹெக்டயர் பரப்புள்ள பெல்லன்வில – அத்திடிய சதுப்புநிலம் உள்ளது. கொட்டாஞ்சேனையிலோ கோயில் கோபுரங்களிலும் தேவாலய முகடுகளிலும் புறாக்கள் குடியிருக்கின்றன. அதற்கு வடக்கே மட்டக்குளியைக் கடந்து களனி கங்கையின் கழிமுகத்தை அடைந்தால் காக்கைதீவுக் கடற்கரை. வடபுலத்துக் குளிர்காலத்தில் வலசை வரும் ஆலாக்களும் உள்ளான்களும் ஓய்வெடுக்கும் கரை அது. ஈரநிலங்களைப் பேணும் நகரம் என்ற றம்சார் அங்கீகாரத்தை 2018இல் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாகும். எனவே மனிதனும் பறவையும் ஒரே மதிலின் இருபுறத்திலும் வாழும் நகரம் இது. இங்கு அண்மை எளிதிற் கிடைக்கும். எளிதிற் கிடைப்பதாலேயே அதன் விலை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

முதலில் கணக்கை நோக்குதல் நன்று. வில்லை தரும் விம்பத்தின் அளவு அதன் குவியத்தூரத்துக்கு நேர்விகிதத்திலும், பொருளின் தூரத்துக்கு நேர்மாறான விகிதத்திலும் அமையும். வெண்மார்பு மீன்கொத்தி ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் நீளமுடையது. பத்து மீற்றர் தூரத்திலிருக்கும் அப்பறவையைச் சாதாரண 50 மில்லிமீற்றர் வில்லை 24 மில்லிமீற்றர் உயரமுள்ள படச்சட்டத்தில் 1.4 மில்லிமீற்றர் அளவினதாகவே பதிக்கும். அது பறவை அன்று, ஒரு புள்ளி. சட்டத்தின் பாதி உயரத்தைப் பறவை நிரப்பவேண்டுமாயின், 50 மில்லிமீற்றர் வில்லையுடையோன் ஒரு மீற்றரளவுக்கு நெருங்கவேண்டும். 200 மில்லிமீற்றர் வில்லையாயின் 4.7 மீற்றர் போதும். 400 ஆயின் 9.3 மீற்றர், 600 ஆயின் 14 மீற்றர். ஆக, குவியத்தூரம் என்று கடையில் விற்கப்படும் பொருள் உண்மையில் மனிதனுக்கும் பறவைக்கும் இடையே விடப்படும் வெளியாகும்.

இவ்வெளி இலவசமாகக் கிடைப்பதன்று. நீண்ட வில்லை ஒளியைப் போதிய அளவில் ஏற்கவேண்டுமாயின் அதன் முகப்பு அகலமாக இருத்தல் வேண்டும். குவியத்தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்துப் பெறும் எண் சிறிதாகுந்தோறும் ஒளி மிகும். அவ்வெண் 5.6 ஆகவுள்ள 400 மில்லிமீற்றர் வில்லையின் திறப்பு ஏறத்தாழ 71 மில்லிமீற்றர் விட்டமுடையது, 2.8 ஆகவுள்ளதன் திறப்போ 143 மில்லிமீற்றர். விட்டம் இருமடங்காகும்போது ஒளி நான்கு மடங்காகின்றது. எடையும் விலையும் அவ்வாறே பெருகுகின்றன. நீண்ட வில்லை கைநடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும் என்பதால் முக்காலி வேண்டும். அல்லது நடுக்கத்தை ஈடுசெய்யும் பொறிமுறை வேண்டும். அப்பொறிமுறையும் மனிதன் கையின் அசைவைத் தணிக்குமேயன்றிப் பறவையின் சிறகசைவைத் தணிக்காது. தோள்வலி, பணச்செலவு, காத்திருப்பு ஆகிய இவை யாவும் தூரத்துக்காக மனிதன் செலுத்தும் வரி.

மனிதன் இவ்வரியைச் செலுத்தாத காலம் ஒன்றிருந்தது. இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெருநூலை 1880இல் நிறைவுசெய்த வின்சென்ற் லெக் துப்பாக்கியாற் சேகரித்த மாதிரிகளைக் கொண்டே பறவைகளை ஆராய்ந்தார். அது அக்கால அறிவியலின் நடைமுறை. இனங்காண்பதற்குப் பறவை கையில் இருத்தல் வேண்டும், கையில் இருத்தற்கு அது இறத்தல் வேண்டும். இரண்டாண்டுகளின் பின், 1882இல், பிரான்சிய உடலியலறிஞர் எற்றியென் மாறே பறக்கும் பறவையைப் படம்பிடிப்பதற்கு ஒரு கருவி அமைத்தார். ஒரு செக்கனில் பன்னிரண்டு படங்களை எடுத்த அக்கருவியின் உருவம் துப்பாக்கியின் உருவமாகவே இருந்தது. தோளில் அணைத்து, குறிபார்த்து, விசையை இழுக்கவேண்டும். குண்டு மட்டும் இல்லை. தொலைவிலுள்ளதை அண்மைப்படுத்தும் வில்லையமைப்புகள் 1891இல்தான் வெவ்வேறு அறிஞர்களால் தனித்தனியே ஆக்கப்பட்டன. அவை கைக்கெட்டாத நிலையில், இங்கிலாந்தின் கீற்றன் சகோதரர் 1900இல் எருதின் தோலால் மூடிய போலி எருதொன்றை அமைத்து அதன் வயிற்றினுள் ஒளிந்திருந்து பறவைகளைப் படம் பிடித்தனர். வில்லை தரவியலாத தூரத்தை அவர்கள் வேடத்தாலும் பொறுமையாலும் ஈடுசெய்தனர். ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய கையேடோ, பறவையைக் கொல்லாமலே களத்தில் இனங்காண இந்நாட்டவர்க்கு வழிகாட்டியது.

துப்பாக்கியிலிருந்து கமராவுக்கு வந்தது அறவளர்ச்சியே என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வளர்ச்சி நிறைவுற்றதா என்பதே வினா. கொல்லாமை வேறு, துன்புறுத்தாமை வேறு. வள்ளுவர் இவ்விரண்டையும் கொல்லாமை என்றும் இன்னாசெய்யாமை என்றும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. குண்டு நீங்கியதால் கொலை நீங்கிற்று. இன்னா நீங்கிற்று என்று கூறமுடியாது.

கூட்டிலிருக்கும் பறவையை எடுத்துக்கொள்வோர் இதனைத் தெளிவாகக் காணலாம். தாய்ப்பறவை எழுந்து பறக்குமாறு ஒருவன் நெருங்கினால் முட்டைகள் வெயிலிற் கிடக்கின்றன, குஞ்சுகள் பசித்திருக்கின்றன. காட்சி தெளிவாகத் தெரியவேண்டும் என்று அவன் இரண்டு இலைகளை விலக்கிவிட்டால், கூட்டின் நிழலும் மறைவும் ஒருங்கே போகின்றன. கொழும்பில் இதற்குமேல் ஓர் இடருண்டு. இந்நகரின் காகங்கள் மனிதனின் செயலை நோக்கியே வாழப் பழகியவை. புதரினுள் மனிதன் எதனை நெடுநேரம் உற்றுப்பார்க்கின்றான் என்பதை மதிலின்மேல் இருக்கும் காகமும் உற்றுப்பார்க்கக்கூடும். படம்பிடித்தவன் வீடு சென்ற பின்னர் அக்காகம் இறங்கி வருமாயின், கூட்டை அழித்தது காகமா, வழிகாட்டியவனா? அவன் முட்டையைத் தொடவில்லை; கூட்டைக் கலைக்கவில்லை; பார்க்க மட்டுமே செய்தான். ஆயினும் அவன் இல்லாதிருந்திருப்பின் குஞ்சுகள் இருந்திருக்கும்.

கடற்கரைக் காட்சியும் இத்தகையதே. காக்கைதீவு மணலில் கூட்டமாக அமர்ந்திருக்கும் ஆலாக்கள் நெடுந்தூரம் பறந்துவந்து ஓய்கின்றன. அவை ஒருங்கே எழுந்து பறக்கும் காட்சி கண்ணுக்கு விருந்து. அதற்காக அவற்றை நோக்கி ஒருவன் ஓடுவானாயின், பறவைகள் செலவிடும் ஆற்றல் அவை மீண்டும் இரைதேடி ஈட்டவேண்டிய ஆற்றல். ஒருமுறை கலைத்தல் சிறு இடையூறே. ஆனால் விடுமுறை நாளொன்றில் பத்துப்பேர் தத்தம் ஒருமுறையை நிகழ்த்துவராயின் பறவைக்கு அது பத்துமுறை. தன் செயலைத் தனியே நிறுத்து ‘இதனால் என்ன கேடு’ என்று வினவுவோன் பறவையின் பக்கத்திலிருந்து கணக்கிடத் தவறுகின்றான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பறவைகளுக்குக் காவலாக உள்ளது. எனினும் இத்தகைய சின்னஞ்சிறு கலைப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்துத் தண்டிப்பது எந்தச் சட்டத்துக்கும் இயலாது. சட்டம் எட்டாத அவ்விடத்திலேதான் அறத்தின் தேவை தொடங்குகின்றது.

நெருக்கத்தின் விலை சிலவேளைகளில் மனிதனையும் வந்தடைவதுண்டு. பறவைப்பட வரலாற்றில் புகழ்பெற்ற ஆங்கிலேயர் எரிக் ஹொஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டொன்றின் அருகே இருளில் சென்றபோது, குஞ்சுகளைக் காக்க முனைந்த ஆந்தை தாக்கியதால் இடக்கண்ணை இழந்தார். அதன் பின்னரும் அவர் பல்லாண்டுகள் பறவைகளைப் படம்பிடித்தார். அவர் இழந்தது பெரிது. ஆனால் ஆந்தைகள் திருப்பித் தாக்கும் வல்லமையுடையன, தேன்சிட்டு அவ்வாறன்று. பறவைகளுட் பெரும்பாலானவை தம் விலையை ஓசையின்றியே கொடுக்கின்றன.

இதுவரை கூறியதிலிருந்து ஒரு முடிவு எளிதாகத் தோன்றலாம்: நீண்ட வில்லையை வாங்குவோன் அறவோன், குறுகிய வில்லையுடையோன் அறமற்றவன் என்பதே அது. இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. அவ்வாறாயின் பணமுடையோர்க்கே அறம் உரியதாகிவிடும். பெருவில்லை ஒன்றின் விலை இந்நாட்டு மாணவனொருவனுக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றது. கையில் 200 மில்லிமீற்றர் வில்லை மட்டுமே உடையவன் பறவைகளைப் படம்பிடித்தலே ஆகாதா?

இவ்வெதிர்ப்புக்கு விடை, தூரத்தை வகுப்பது எது என்பதில் தங்கியுள்ளது. வில்லை தூரத்தை வகுக்கின்றது என்று கொள்வோன், குறுகிய வில்லையோடு பறவையை நெருக்கியே தீருவான். பறவை தூரத்தை வகுக்கின்றது என்று கொள்வோனுக்கோ அத்தகைய கட்டாயம் எதுவுமில்லை. இரைதேடலை நிறுத்தித் தலைநிமிர்தல், கழுத்தை நீட்டிப் பக்கவாட்டாகப் பார்த்தல், எச்சரிக்கைக் குரலெழுப்புதல், குஞ்சுக்குக் கொணர்ந்த இரையோடு கூட்டை அணுகாது கிளையிலேயே தயங்கியிருத்தல் ஆகியன பறவை வரையும் எல்லைக்கோடுகள். அக்கோட்டில் நின்று, கையிலுள்ள வில்லை எதைத் தருமோ அதைப் பெறுவதே முறை. வில்லை குறுகியதாயின் படத்தில் பறவை சிறிதாகட்டும். வில்லை தீர்மானிப்பது விம்பத்தின் அளவை. மனிதன் நிற்கவேண்டிய இடத்தை அன்று.

தமிழர்களுள் இதற்குத் தக்க சான்றாக விளங்கியவர் சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 தொடக்கம் தம் இறுதிக்காலம் வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த பெருங்கமரா ஒன்றுக்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என நகைச்சுவையாகப் பெயரிட்டுக்கொண்டார். வண்ணப்படங்கள் எங்கும் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையிலேயே நிலைத்தார். சிறந்த கருவி இருந்தாற்றான் சிறந்த படம் என்போர்க்கு அவரது வாழ்வே மறுப்பாகும். அவர் கருவியிற் சேமித்ததைக் கவனத்திற் செலவிட்டார். விலங்கின் இயல்பை நெடிது அறிந்திருந்தமையே அவருடைய முதல் வில்லையாக இருந்தது எனலாம்.

மறுபுறத்தில், நீண்ட வில்லை தன்னளவில் அறத்தைத் தந்துவிடுவதுமில்லை. 400 மில்லிமீற்றருடன் பத்து மீற்றரில் நின்றவன், 600 கைக்கு வந்ததும் பதினைந்து மீற்றருக்குப் பின்வாங்குவானா? பத்து மீற்றரிலேயே நின்று பறவையின் கண்ணை மட்டும் பெரிதாகப் பதிக்க விழைவானா? ஆசை கருவியோடு சேர்ந்தே வளர்கின்றது. பத்துச் சென்ரிமீற்றர் நீளமேயுள்ள தேன்சிட்டுக்கு 600 மில்லிமீற்றர் வில்லையுடையோனும் ஐந்து மீற்றருக்கு நெருங்கவே முயல்வான். எந்த வில்லையும் ஆசைக்குப் போதுமான நீளமுடையதன்று. தவிரவும், வெயிலேறிய பின் கடற்கரை மணலிலிருந்து எழும் வெப்பக்காற்று ஒளிக்கதிரை அலைப்பதால், ஓர் எல்லைக்கு அப்பால் நீளமும் பயன் தருவதில்லை. அங்கே பயன் தருவது விடியலில் எழுந்து செல்லும் வழக்கமே.

நீண்ட வில்லைக்கு இன்னொரு குறையுமுண்டு. அது பறவையைச் சாராது, படத்தைக் காண்போரைச் சார்ந்தது. 50 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 46 பாகை அகலமான காட்சியை ஏற்கின்றது. 600 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 4 பாகையையே ஏற்கின்றது. பின்னணி யாவும் மென்மையான பச்சைநிற மூட்டமாகக் கரைந்துவிடும். வெள்ளவத்தைக் கால்வாயின் மதிலில் இருந்த மீன்கொத்தி, மனிதர் காலடி படாத கானகத்தில் இருப்பதுபோற் படத்தில் தோன்றும். கால்வாய்நீரின் கருமை, மிதக்கும் பிளாத்திக்குப் போத்தல், மதிலின் பின்னுள்ள மாடிவீடு ஆகிய எதுவும் அங்கில்லை. படம் பொய் கூறவில்லை. ஆயினும் முழுமையைக் கூறவில்லை. அதனைக் காண்போர் பறவைக்கு வாழிடம் குறைவின்றி உள்ளது என்று மனநிறைவு கொள்வர். கால்வாய் அழியும்போது அவர்கள் வருந்தமாட்டார்கள். ஏனெனில் அம்மீன்கொத்தி கால்வாயில் வாழ்ந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே பறவைக்குத் தூரம் கடமையாவது போலவே, காண்போர்க்கு இடத்தைக் காட்டுதலும் கடமையாகின்றது. தூரத்தில் நின்று குறுகிய வில்லையால் எடுக்கப்படும் படம் இவ்விரு கடமைகளையும் ஒருங்கே நிறைவேற்றுகின்றது. பறவை சிறிதாக, அது வாழும் நகரம் பெரிதாக அப்படத்தில் அமையும். வறிய மாணவனின் வில்லை எனக் கருதப்பட்டது இங்கு உண்மையின் வில்லையாகின்றது.

பறவைகளைப் பாதுகாப்பதற்கே படங்கள் தேவை. எனவே சிறிதளவு இடையூறு பொறுக்கத்தக்கது என்பது இறுதியாக எழும் வாதம். இதனைப் புறந்தள்ளிவிட முடியாது. 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகமும், 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற களப் பறவையியல் குழுவும் பறவைகளின் வரவையும் இருப்பையும் பதிவுசெய்வதை ஒரு பண்பாடாகவே வளர்த்தன. அத்தகைய பதிவுக்குப் படமும் துணையாகும். ஆனால் எந்த இனம், எங்கே, எப்போது என்பதை நிறுவுவதற்குச் சட்டத்தை நிரப்பும் விம்பம் தேவையில்லை. இனங்காணுமளவு தெளிவிருந்தாற் போதும். சட்டத்தை நிரப்ப விழைவது ஆய்வின் தேவையன்று, பெரும்பாலும் புகழின் தேவை. மேலும், அரிய பறவையின் படத்துக்கே மதிப்பு மிகுதி. மதிப்பு மிகுந்தால் நாடுவோர் மிகுவர். ஆகவே அரிதாகிய பறவையே மிகுதியாக அலைக்கழிக்கப்படும். பாதுகாப்பின் பெயரால் நிகழும் இம்முரணை எண்ணிப்பார்ப்போர், அரிய கூட்டின் இடத்தைப் பிறர்க்கு அறிவியாதிருப்பதையும் படக்கலையின் ஒரு பகுதியாகவே கொள்வர்.

அவ்வாறாயின் வெள்ளவத்தை மாணவன் எதனை வாங்குவது? தோளில் நெடுநேரம் சுமக்கக்கூடிய, அளவான திறப்புடைய 400 மில்லிமீற்றர் வில்லை கால்வாய்க்கும் சதுப்புநிலத்துக்கும் ஏற்றதாகலாம். அவனிடமுள்ள கமராவின் ஒளியுணரி சிறியதாயின் அதே வில்லை 600 மில்லிமீற்றருக்கு ஒப்பான காட்சியைத் தரும். பணம் போதாதெனின் இருக்கும் 200 போதும். ஆனால் எதனை வாங்கினும், ‘இது பறவையை எவ்வளவு அண்மையிற் கொணரும்’ என்று வினவாது, ‘இது என்னை எவ்வளவு தூரத்தில் நிற்கவிடும்’ என்று வினவி வாங்குதல் வேண்டும். கருவி ஒன்றே, வினா மாறும்போது வாங்குவோன் மாறுகின்றான்.

தமிழ்மரபு அருளை இருவகையிற் காட்டியுள்ளது. மயிலுக்குப் போர்வையளித்த பேகனின் அருள் கொடுக்கும் அருள். அது போற்றத்தக்கதே, ஆயினும் மயிலுக்குப் போர்வை வேண்டியிருந்ததா என்பது வேறு வினா. மணிநாவைக் கட்டிய தலைவனின் அருளோ அடங்கும் அருள். பிறவுயிரின் தேவையை ஊகிக்காது, தன் ஓசையை மட்டும் குறைத்துக்கொண்ட அருள். இன்றைய கமராக்கள் சிலவற்றின் ஷட்டர் ஓசையின்றி இயங்குகின்றது. மணியின் நாவைக் கட்டும் வேலையைத் தொழில்நுட்பமே செய்துவிட்டது. ஆனால் அத்தலைவன் நாவைக் கட்டியது வண்டுகளை மறைந்து நெருங்குவதற்காக அன்று. அவை தம் துணையோடு இருந்தபடியே இருப்பதற்காக. அவன் கடந்துசென்ற பின் சோலையில் எதுவும் மாறியிருக்கவில்லை. கால்வாய் மதிலிலிருந்து மாணவன் வீடு திரும்பும்போது, மீன்கொத்தி நீரை நோக்கியபடி அங்கேயே இருக்குமாயின், அவன் எடுத்த படம் எத்துணைச் சிறிதாயினும் குறையுடையதன்று.